சத்தமும் இழுவையும்

அத்தியாயம் - 9

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்த லிடியா, சேலையைக்கூட மாற்றவில்லை. நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போய் ஷட்டரைத் தூக்கினாள்.

போன வாரம் அவளுடைய கொழுந்தன் பிராங்கிளின் வாயை விட்டிருந்தான். பழனி ரோட்டில் இருக்கிற தங்கள் ஒர்க்‌ஷாப்பில், வண்டி விட வந்த அத்தனை பேர் முன்னாலும் மார்தட்டியிருந்தான். "நான் செஞ்ச இன்டேக்கை மாட்டிப் பாருங்க. கம்பெனிக்காரன் டப்பாவும் சரி, பெங்களூர்ல இருந்து வாங்குற கிட்டும் சரி, பக்கத்துல நிக்க முடியாது. ஞாயித்துக்கிழமை எங்க மதினி மெஷின்ல ஏத்தி அளந்து காட்டுவாங்க."

சொன்ன பிறகுதான் மதினியிடம் வந்து கேட்டான்.

இன்டேக் என்பது பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. கார் இன்ஜின் மூச்சு இழுக்கிற குழாய், அதன் வாயில் தூசியைத் தடுக்க ஒரு பில்டர், அவ்வளவுதான். கம்பெனியில் அதை ஒரு கறுப்பு டப்பாவுக்குள் அடைத்துச் சத்தமில்லாமல் வைத்துவிடுவார்கள். வண்டிப் பைத்தியம் பிடித்தவர்கள் அந்த டப்பாவைக் கழற்றிப்போட்டு, பளபளவென்று ஒரு குழாயும் கூம்பு பில்டரும் மாட்டுவார்கள். மாட்டினால் இழுவை கூடும் என்பார்கள். கூடுகிறதா இல்லையா என்று அளந்து பார்த்தவர்கள் குறைவு.

அளக்க லிடியாவிடம் மெஷின் இருந்தது. மெக்கானிக்கல் படித்து, சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள். ரொனால்டைக் கல்யாணம் செய்து திண்டுக்கல்லுக்கு வந்த பிறகு, கோயம்புத்தூரில் ஒருவர் விற்ற பழைய டைனோவை இவள்தான் அடம்பிடித்து வாங்க வைத்தாள். தரையில் பதித்த இரண்டு பெரிய உருளைகள். அதன்மேல் காரை ஏற்றிக் கட்டிப்போட்டு, நின்ற இடத்திலேயே முழு வேகத்துக்கு ஓட்டினால், சக்கரத்துக்கு எத்தனை குதிரைசக்தி வருகிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டும். அந்த மெஷின் வந்த பிறகுதான் வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் பக்கமிருந்தெல்லாம் இந்த ஒர்க்‌ஷாப்பைத் தேடிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள்.

உருளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்வாசல் வழியாக ஆனந்தமேரி காப்பித் தம்ளரோடு வந்தாள். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாலேயே வீடு. மாமியார் காப்பியைத் தானே எடுத்துக்கொண்டு வருகிறாள் என்றால் ஏதோ கேட்கப்போகிறாள் என்று அர்த்தம்.

"லிடியா, இன்னைக்குப் பூசையில அவனுக்காகத்தான் வேண்டிக்கிட்டேன்."

"நானும்தான் அத்தை."

"ஒனக்கே தெரியும். காலேஜைப் பாதியில விட்டான். செல்போன் கடையைப் பாதியில விட்டான். திருப்பூருக்குப் போனவன் பாதியில வந்தான். இதை ஒண்ணைத்தான் முழுசா செஞ்சு முடிச்சிருக்கான். மூணு மாசமா சித்தையன்கோட்டை லேத்துல பழியாக் கெடந்து செஞ்சிருக்கான்." ஆனந்தமேரி குரலை இறக்கினாள். "அந்த மெஷினை இன்னைக்கு ஒரு நாள் கொஞ்சம் அனுசரிச்சு வைக்கக் கூடாதா?"

லிடியா காப்பியை வாங்கிக்கொண்டாள். "மெஷின் அனுசரிக்காது அத்தை."

"மெஷின் அனுசரிக்காது. நீ அனுசரிக்கலாம்ல?"

மாமியார் தப்பான ஆள் இல்லை. மூத்தவனைப் பற்றி ஊரே நல்லபடி பேசுவதைக் கேட்டுக் கேட்டு, இளையவனைப் பற்றியும் யாராவது ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்குகிறவள். அது லிடியாவுக்குப் புரிந்தது. காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டு, உருளையைத் துடைக்க மறுபடி துணியை எடுத்தாள்.

ஒன்பது மணிக்கெல்லாம் ஒர்க்‌ஷாப் நிறைந்துவிட்டது. இருபது, இருபத்தைந்து பேர் இருப்பார்கள். எல்லாருக்கும் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ஒட்டன்சத்திரம் மதியழகன். காய்கறி மண்டிக்காரர். கார் வைத்திருக்கும் பையன்களைச் சேர்த்து ஒரு குழு நடத்துகிறார். அடுத்த மாதம் பதினோரு வண்டிகளோடு கொடைக்கானல் மலை ஏறப்போகிறார்கள். பிராங்கிளினின் இன்டேக் நன்றாக இருந்தால் பதினொன்றுக்கும் அதையே மாட்டுவது என்று பேச்சு.

பிராங்கிளின் தன் சிவப்புக் காரை உருளைமேல் ஏற்றி நிறுத்தினான். புதுச்சட்டை, கழுத்தில் ஜெபமாலை. இறங்கியதும் முதல் வேலையாக இன்ஜின் மூடியான பானட்டைத் தூக்கி முட்டுக்கம்பி கொடுத்தான். பளிச்சென்று தெரிந்தது அவன் செய்த குழாய். ஒரு வளைவில்கூட நெளிசல் இல்லை. வெல்டிங் தழும்பு தெரியாமல் தேய்த்து மெருகேற்றியிருந்தான். முனையில் சிவப்புக் கூம்பு பில்டர்.

லிடியா அதைத் தடவிப் பார்த்தாள். "வேலை சுத்தமா இருக்கு பிராங்கி."

அவன் முகம் மலர்ந்தது. "ஆரம்பிப்போமா மதினி?"

"ஆரம்பிப்போம். பானட்டைச் சாத்து."

"சாத்தணுமா? எல்லாப் பயலும் தொறந்து வச்சுத்தான் அளக்குறான். வீடியோவுல பாருங்க."

"தொறந்து வச்சா இந்த ஃபேன் காத்து நேரா உன் பில்டர் மேல அடிக்கும்." காருக்கு முன்னால் நின்ற ஆளுயர மின்விசிறியைக் காட்டினாள். "ரோட்டுல யாரும் பானட்டைத் தொறந்து போட்டு ஓட்டுறதில்ல தம்பி."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிராங்கிளினுக்கு முகம் சுருங்கியது. அவன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தான்.

ரொனால்டு செல்போனில் படம் பிடிக்கத் தயாராக நின்றிருந்தான். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில், தம்பிக்கும் மனைவிக்கும் நடுவில் என்று எப்போதும் நடுவிலேயே நின்று பழகியவன். அருகில் வந்து மெதுவாகச் சொன்னான்: "லிடியா, இத்தனை பேர் முன்னால வேணாமே. தொறந்தே ஓட்டிருவோம்."

"ரெண்டு விதமாவும் ஓட்டுவோம்" என்றாள் லிடியா. "மொதல்ல தொறந்து. அப்புறம் சாத்தி. மூணு இன்டேக்கையும் ஒரே வண்டியில மாத்தி மாத்தி மாட்டி, ஒவ்வொண்ணையும் மூணு தடவை ஓட்டி சராசரி எடுப்போம். யாருக்கும் ஒண்ணும் மறைக்க வேண்டியதில்ல."

ரொனால்டு பின்னால் நகர்ந்து படம் பிடிக்க ஆரம்பித்தான்.

முதலில் கம்பெனி டப்பா. உருளை சுழன்றது, இன்ஜின் உச்சிக்குப் போய் இறங்கியது. திரையில் நூற்றி ஒன்று குதிரைசக்தி. சத்தம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்து பெங்களூரிலிருந்து வாங்கிவைத்திருந்த கிட். அதன் பில்டர் ஒரு மூடிய பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் வாய் முன்பக்கத்து கிரில்லைப் பார்த்து நீண்டிருந்தது. நூற்றி மூன்று. சத்தம் அடிவயிற்றில் முணுமுணுப்பது மாதிரி இருந்தது.

மூன்றாவதாகப் பிராங்கிளினுடையது.

அவன் ஆக்சிலேட்டரை மிதித்த மாத்திரத்தில் ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரை அதிர்ந்தது. இன்ஜின் வாயைத் திறந்து காற்றை அள்ளி அள்ளி விழுங்குகிற சத்தம். முதலில் உறுமலாக ஆரம்பித்து, மேலே போகப் போகக் கணீரென்று தெளிந்து, உச்சியில் ஒரு கூவலாக நின்றது. நாற்காலியில் இருந்த மதியழகன் எழுந்தே விட்டார். கையில் போனைத் தூக்காதவன் ஒருவன்கூட இல்லை. சத்தத்தை அளக்கிற செயலியில் மற்ற இரண்டையும்விட எங்கோ மேலே போய் நின்றது முள்.

திரையில் நூற்றி ஐந்து.

விசில் பறந்தது. பிராங்கிளின் காரைவிட்டு இறங்கி இரண்டு கையையும் மேலே தூக்கினான். பின்வாசலில் நின்ற ஆனந்தமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க தம்பி, கலக்கிப்போட்டீங்க!" மதியழகன் அவன் முதுகில் தட்டினார். மணியைப் பார்த்தார். "நானு கெளம்பறனுங்க. பாலசமுத்திரத்துல ஒரு சீர் விசேசம். நேரமாச்சு."

"அண்ணே, இன்னும் முடியல" என்றாள் லிடியா. "பானட்டைச் சாத்தி ஒரு சுத்து பாக்கி இருக்கு."

"அதெல்லாம் வீடியோவுல பாத்துக்கறனுங்க அம்மணி. நீங்க அளந்தா சரியாத்தான் இருக்கும்." அவர் போய்விட்டார். அவரோடு வந்த பையன்களும் போனார்கள். பாதிக் கூட்டம் குறைந்தது.

மீதி நின்றவர்களில் ஒருவர், "போதும்ப்பா, அதான் ஜெயிச்சாச்சே. வாங்க, பிரியாணிக்குப் போவோம்" என்றார். பிராங்கிளின் சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்க்கப் போனான். ரொனால்டு மனைவியைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினான். விட்டுவிடு என்று அர்த்தம்.

விட்டுவிடுவது எவ்வளவு சுலபம்! யாரும் பொய் சொல்லவில்லை. மெஷின் காட்டியது உண்மைதான். மாமியாரின் முகத்தில் இத்தனை வருடத்தில் லிடியா பார்க்காத ஒரு வெளிச்சம். இப்போது மெஷினை அணைத்துவிட்டு வீட்டுக்குள் போனால், கறிக்குழம்புச் சாப்பாடு சிரிப்பும் பேச்சுமாக இருக்கும்.

ஆனால் அந்தப் பதினோரு வண்டியும் மலை ஏறும். கொண்டை ஊசி வளைவில் முன்னால் லாரி முக்கிக்கொண்டு போகும்போது ஏறி முந்த நினைப்பான் ஒரு பையன். வண்டி இழுக்காது.

லிடியா நடந்து போய்க் கம்பியை எடுத்தாள். பானட்டைச் சாத்தினாள்.

அந்தச் சத்தத்தில் எல்லாரும் திரும்பினார்கள்.

"கயித்தை அவுக்காத பிராங்கி. இன்னும் பாதி இருக்கு."

முன்பு ஓட்டிய அதே வரிசையில் மறுபடி மூன்றையும் ஓட்டினார்கள். ரோட்டில் சிக்னலில் நின்று கிளம்புவதைப்போல, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் சற்று நேரம் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டாள். இன்ஜினுக்குள் போகிற காற்றின் சூட்டைக் காட்டும் ஸ்கேனரை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கண்ணாடியில் மாட்டினாள்.

கம்பெனி டப்பா நூறு. பெங்களூர் கிட் நூற்றி இரண்டு.

பிராங்கிளினுடையது மாட்டியபோது ஸ்கேனரில் சூடு ஏறிக்கொண்டே போனது. ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபத்தி நாலு. சத்தம் குறையவே இல்லை. அதே உறுமல், அதே கூவல். ஆனால் திரையில் கோடு மற்ற இரண்டுக்கும் கீழே தளர்ந்து தொங்கியது.

தொண்ணூற்றி ஏழு.

இரண்டாவது தடவை, தொண்ணூற்றி ஏழு. மூன்றாவது தடவை அதைவிடவும் குறைந்தது.

யாரும் விசில் அடிக்கவில்லை. பிரியாணிக்குக் கூப்பிட்டவர் மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஒவ்வொருவராக மற்றவர்களும் கிளம்பினார்கள்.

பிராங்கிளின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். பிறகு இறங்கினான்.

"மூணு மாசம் மதினி. மூணு மாசத்தையும் ஒரு பானட்டைச் சாத்தி முடிச்சிட்டீங்க."

"உன் குழாய்ல ஒரு குறையும் இல்ல பிராங்கி. பில்டர் இருக்கிற இடம்தான் தப்பு. இன்ஜின் சூட்டையே அது திரும்ப இழுக்குது. சூடான காத்து மெலிசு, அதுல தெம்பு கம்மி..."

"பாடம் நடத்தாதீங்க!" அவன் கத்தினான். ரொனால்டு குறுக்கே வந்தான். பிராங்கிளின் அண்ணனை விலக்கினான். "நீங்க இந்த வீட்டு ஆளா, இல்ல இந்த மெஷினோட ஆளா? வந்தவங்களுக்கு எங்க வீட்டு மானம் எப்படித் தெரியும்?"

வந்தவங்க. ஆறு வருடமாக அந்த வார்த்தையை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

லிடியா சாத்திய பானட்டின்மேல் கையை வைத்தாள். "இந்த வீட்டு ஆளுங்கிறதாலதான் சாத்துனேன். வெளி ஆளா இருந்தா எனக்கென்ன வந்துச்சுன்னு போயிருப்பேன்."

அவன் கயிற்றைப் பிடுங்கி எறிந்தான். ஸ்கேனரைக்கூடக் கழற்றாமல் காரை எடுத்துக்கொண்டு பழனி ரோட்டில் மேற்கே பறந்தான். அவன் போய் வெகு நேரம் வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டில் ஆனந்தமேரி மூத்த மகனுக்குக் கறி வைத்தாள். மருமகளுக்கு வைக்கவில்லை என்று சொல்ல முடியாது, வைத்தாள். ஆனால் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

"நான் தலையாட்டுனேன்ல?" என்றான் ரொனால்டு.

"பாத்தேன்."

"அப்புறமும் ஏன்?"

"நாளைக்கு மலையில வண்டி இழுக்கலன்னா மதியழகன் யாரைக் கேப்பாரு? உங்க தம்பியைத்தான். அப்ப ஊரே சேந்து கேக்கும். இப்ப நான் ஒருத்திதான் கேட்டேன்."

ரொனால்டு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவள் சொல்வது சரி என்று அவனுக்குத் தெரியும். சரி என்று சொல்லும் தைரியம்தான் அவனுக்கு எப்போதும் சாப்பாட்டு நேரத்தில் வருவதில்லை.

லிடியா பாதியில் எழுந்து கை கழுவினாள். அறைக்குப் போய் அழலாம் என்றுதான் நினைத்தாள். கால் ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. பெங்களூர் கிட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் குழாய் பிராங்கிளினுடையதைவிட மட்டம். உள்ளே மடிப்பு மடிப்பாக நெளிந்திருந்தது. ஆனாலும் அது ஜெயித்தது, ஏனென்றால் வெளிக்காற்றை இழுத்தது. அவனுடைய நல்ல குழாய்க்கு ஒரு நல்ல வாய் கிடைத்தால்?

ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்தாள். பிராங்கிளினுடையதைப்போலவே இன்னொரு கார் சர்வீசுக்கு நின்றிருந்தது. அதன் பானட்டைத் திறந்து, ஹெட்லைட்டுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து, அட்டையை வெட்டி மடக்கி ஒட்டினாள். முதலில் வெட்டியது பேட்டரியில் இடித்தது. இரண்டாவது பானட்டில் இடித்தது. வியர்வை கண்ணில் வழிந்தது. மூன்றாவதை வெட்டிக்கொண்டிருந்தபோது வெளியே அந்த உறுமல் கேட்டது.

அவள் நிமிரவில்லை.

பிராங்கிளின் உள்ளே வந்து தூணோரம் நின்றான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"ரெட்டியார்சத்திரம் தாண்டிப் போய்ட்டு வந்தேன்" என்றான். அவளிடம் சொல்கிறானா, தூணிடம் சொல்கிறானா என்று தெரியவில்லை. "அந்த ஸ்கேனரைப் பாத்துக்கிட்டே ஓட்டுனேன். ஓடிக்கிட்டே இருந்தா சூடு எறங்குது. வழியில ஒரு கல்யாண மண்டபத்துக்கிட்ட கூட்டம், வண்டி நின்னுபோச்சு. அப்ப விறுவிறுன்னு ஏறுச்சு. கெளம்பும்போது மிதிச்சேன். சத்தம் மட்டும் வந்துச்சு. வண்டி வரல."

லிடியா கத்தரியைக் கீழே வைத்தாள்.

"முன்னாடியும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் சத்தத்தைக் கேட்டுட்டு இழுக்குதுன்னு நெனச்சிட்டேன்."

அவன் கிட்டே வந்து அட்டையைப் பார்த்தான். கையில் எடுத்து, அந்தக் காருக்குள் வைத்துப் பார்த்தான். முனையைச் சற்று வளைத்தான்.

"அட்டை சூட்டுக்குத் தாங்காது மதினி. உள்ள அலுமினியத் தகடு மிச்சம் கெடக்கு."

மன்னிப்பு என்ற வார்த்தையை அவன் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. தகட்டை எடுத்துவரப் போகிறவனிடம், "சுத்தியலையும் எடுத்துக்கிட்டு வா" என்றாள்.

அவனுடைய கையில் தொழில் சுத்தம் இருந்தது. அவள் அட்டையில் இரண்டு தடவை தப்பாய் வெட்டியதை, அவன் தகட்டில் ஒரே தடவையில் மடக்கினான். இவள் எங்கே காற்று ஒழுகும் என்று விரலை வைத்துக் காட்ட, அவன் அங்கே ரப்பர் வைத்து அடைத்தான். வெயில் இறங்கி, மலைக்கோட்டைப் பாறை சிவக்கிற நேரத்துக்குள் பெட்டி தயாராகிவிட்டது. சிவப்புக் காரில் மாட்டி உருளைமேல் ஏற்றினார்கள். பானட்டைச் சாத்தினார்கள். இன்ஜினைச் சூடேற்றினார்கள்.

ஸ்கேனர் நாற்பத்தி மூன்றில் நின்றது.

பிராங்கிளின் மிதித்தான். கோடு ஏறியது. ஏறி, பெங்களூர் கிட்டின் கோட்டைத் தொட்டு, மயிரிழை மேலே போய் நின்றது. நூற்றி மூன்று.

மறுபடி ஓட்டினார்கள். நூற்றி மூன்று.

லிடியா கை தட்டினாள். அவன் சிரிக்கவில்லை. காதைச் சாய்த்து ஏதோ தேடுகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"என்ன பிராங்கி?"

"சத்தம் போயிருச்சே மதினி."

உண்மைதான். பெட்டிக்குள் அடைபட்ட பிறகு அந்தக் கூவல் இல்லை. தூரத்தில் யாரோ உறுமுவது போல மட்டும் கேட்டது. காலையில் இருபத்தைந்து பேரை விசிலடிக்க வைத்த சத்தம் அது.

"ரெண்டும் ஒண்ணா வராது தம்பி."

அவன் காரைவிட்டு இறங்கினான். "அப்ப ரெண்டா விப்போம். சத்தம் வேணுங்கிறவனுக்குச் சத்தம்னே சொல்லிக் குடுப்போம், இழுவை கொறையும்னும் சொல்லுவோம். இழுவை வேணுங்கிறவனுக்கு இந்தப் பெட்டி. நான் செஞ்ச தப்பு, சத்தத்தைக் காட்டி இழுவைன்னு சொன்னதுதான்."

லிடியாவுக்கு மனசு நிறைந்தது. அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. மதியழகன். கை முழுக்க எண்ணெய் என்பதால் ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி! வீடியோ வந்துச்சுங்க. பசங்க அத்தனை பேரும் பாத்துட்டாங்க. பதினொண்ணும் முடிவாயிருச்சுங்க."

பிராங்கிளின் மதினியைப் பார்த்தான். "எந்த வீடியோண்ணே?"

"உங்க அம்மாதானுங்க அனுப்பிச்சாங்க. நூத்தி அஞ்சு வந்துச்சுல்ல, அதுதான். அளந்தது உங்க மதினி, அவிங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு நான்தான் பசங்களுக்குச் சொன்னனுங்க."

லிடியா திரையைத் திரும்பிப் பார்த்தாள். தன் மெஷின், தன் திரை, தன் பேர்.

போன வாரம் மார்தட்டிய பையன்தான் பிராங்கிளின். இப்போது ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தால் போதும், பதினோரு வண்டி அவனுடையது. இதை அவனுக்காகத் தான் சொல்லக் கூடாது என்று லிடியா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே" என்றான் பிராங்கிளின். "அது பாதி வீடியோண்ணே. நீங்க போன பெறகு பானட்டைச் சாத்தி அளந்தோம். அதுல நான் தோத்துட்டேன். கம்பெனி டப்பாவை விடக் கம்மி."

மதியழகன் மெதுவாகப் பேசினார். குரலில் சிரிப்பு இல்லை. "பசங்களுக்கு நானு வார்த்தை குடுத்துட்டனுங்க தம்பி. நாளைக்குக் காலைல பதினோரு வண்டியும் உங்க கடைக்கு வருது. அவிங்க முன்னால நீங்களே சொல்லிப்போடுங்க." போனை வைத்துவிட்டார்.

பின்வாசலில் பாத்திரம் விழுகிற சத்தம். ஆனந்தமேரி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. பின்னால் ரொனால்டு.

"தோத்தியா?" என்றாள் அம்மா. "என் கண்ணால பாத்தேனே, எல்லாரும் விசில் அடிச்சாங்களே! பிராங்கி, நீ ஜெயிச்சத அம்புட்டுப் பேருக்கும் அனுப்பிட்டேனே. கோயில் பங்கு குரூப்புல போட்டேன். ஒங்க பெரியம்மாவுக்கு, திருச்சிக்கு, மதியழகனுக்கு..."

"அம்மா, நான் ஜெயிக்கலம்மா." பிராங்கிளின் தாயின் கையைப் பிடித்தான். எண்ணெய் அவள் சேலையில் படிந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. "காலையில ஜெயிக்கல. சாயங்காலம் மதினியும் நானும் சேந்து வேற ஒண்ணு செஞ்சோம். அது இழுக்குது. ஆனா நீ அனுப்புனது அது இல்ல."

ஆனந்தமேரி மருமகளைப் பார்த்தாள். மத்தியானத்திலிருந்து முதல் தடவையாக.

"மீதி வீடியோவையும் போட்டுருவோம்" என்றாள் லிடியா. "எல்லா குரூப்புலயும். ஏங்க, உங்க போன்லதான இருக்கு?"

ரொனால்டு தரையைப் பார்த்தான்.

"ஏங்க?"

"நீ பானட்டைச் சாத்துனதும் நான் எடுக்கிறதை நிறுத்திட்டேன்." அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "தம்பி தோக்குறதைப் படம் எடுக்க மனசு வரல. அம்மா கேட்டுச்சு. இருந்ததைக் குடுத்தேன்."

லிடியா கணவனை வெறித்துப் பார்த்தாள். காலையில் அவன் தலையாட்டியது நினைவில் நின்றது. அவனிடம் பேச வேண்டியது நிறைய இருந்தது. இப்போது அல்ல.

ஒர்க்‌ஷாப்பில் இருட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. பிராங்கிளின் போய் விளக்கைப் போட்டான். புதிதாகச் செய்த பெட்டியைக் காரிலிருந்து கழற்ற ஆரம்பித்தான். பெட்டிக்குள்ளிருந்து காலையில் தோற்ற சிவப்புக் கூம்பு பில்டர் வெளியே வந்தது. அதை எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தான்.

"என்னலே பண்றே?" என்றான் ரொனால்டு.

"நாளைக்கு எல்லாத்தையும் மறுபடி ஓட்டணும். மொதல்ல கம்பெனி டப்பா, அப்புறம் பெங்களூர், அப்புறம் தோத்தது, கடைசியா இது. பதினோரு வண்டிக்காரங்களும் பாக்கணும். பங்குல இருந்து யாரு வேணாலும் வரட்டும். அம்மா, நீயும் முன்னாடி நாக்காலி போட்டு உக்காரு." அவன் அண்ணனின் கையிலிருந்த போனைச் சுட்டிக்காட்டினான். "நீ ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் நிறுத்தாம எடு."

பிறகு மதினியைப் பார்த்தான்.

"பானட்டை நான் சாத்துறேன்."